அர்த்தம் பார்த்து வைத்த பேர்

“பெத்தவளா அவ? பிள்ளைக்கு வைக்கிற பேரா இது?”

பிலிப்பா கையிலிருந்த புத்தகத்தைத் தொப்பென்று மேஜையில் போட்டாள். குழந்தைப் பெயர்கள், அவற்றின் பொருள், வந்த வழி எல்லாம் சொல்லும் தடித்த புத்தகம்.

மாரா. எபிரேயத்திலிருந்து வந்த பெயர். பொருள்: கசப்பு.

“விடு பிலிப்பா. அர்த்தமெல்லாம் யாரு பாக்கறா?” என்றான் அவள் கணவன் டங்கன். “உன் பேருக்குக்கூட குதிரைப் பிரியைன்னு அர்த்தம். நீ குதிரையைக் கண்டாலே தெருவோட அந்தப் பக்கம் ஓடறே.”

ஜோன் சிரித்துவிட்டாள். தத்துக் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்திருப்பவள். குழந்தையை இங்கிலாந்தின் ஹாரோகேட் ஊரிலுள்ள இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டதே அவள்தான். கோர்ட்டுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தாள். அதில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி. குழந்தையின் புதுப் பெயர்.

பிலிப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை. வீட்டுக்கு வந்து ஏழு மாதத்தில் அந்தப் பெயரை ஒரு தடவைகூட அவள் வாயால் சொன்னதில்லை. பாப்பா, செல்லம், இப்படியே ஓட்டிவிட்டாள்.

“செசிலியா நல்லா இல்ல?” என்றான் டங்கன்.

பக்கத்தைப் புரட்டினாள். “கண் தெரியாதவள்.”

“கிளாடியா?”

“நொண்டி.”

“போர்ஷியா?”

“பன்னி. வாயை மூடிக்கிட்டு டீயைக் குடி.”

கம்பளத்தில் உட்கார்ந்து மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்த குழந்தை, இவர்கள் குரல் உயர்ந்ததும் நிமிர்ந்து பார்த்து, ஒற்றைப் பல்லைக் காட்டியது.

“பெத்தவ பத்தொன்பது வயசுப் பொண்ணு. தங்க ஒரு வீடு கிடையாது, சிநேகிதி வீட்டு சோபாவில படுக்கை,” என்றான் டங்கன். “காதுக்கு நல்லா இருக்கேன்னு வச்சிருப்பா. அர்த்தம் தெரிஞ்சிருக்காது.”

“தெரியும்,” என்றாள் ஜோன்.

இருவரும் திரும்பினார்கள்.

“ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். இதே மாதிரி ஒரு புத்தகத்தை என்கிட்ட கேட்டு வாங்கினா. தேடித்தான் வச்சா.”

“கேட்டியா டங்கன்? தேடி வச்சாளாம்!” பிலிப்பாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. “பெத்துப் போட்டுட்டுப் போறவ, போறப்போகூட ஒரு சாபம் குடுத்துட்டுப் போயிருக்கா.”

பேனாவை எடுத்தாள். கட்டத்துக்குள் அழுத்தமாக எழுதினாள்: பெலிசிட்டி. லத்தீன். மகிழ்ச்சி என்று பொருள். கையெழுத்துப் போட்டாள். டங்கனும் போட்டான்.

ஜோன் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இவ வளந்ததும், தத்துப் பிள்ளைன்னு சொல்லித்தானே ஆகணும்?” என்றாள் பிலிப்பா. “அப்ப இதையும் சேத்துச் சொல்லுவேன். உன்னைப் பெத்தவ உனக்குக் கசப்புன்னு பேர் வச்சா, நாங்க சந்தோஷம்னு மாத்தினோம்னு. எல்லாம் தெரியட்டும்.”

வாசல் வரை போன ஜோன் நின்றாள். திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“அதை மட்டும் சொல்லாதீங்க, பிலிப்பா.”

“ஏன்? உண்மைதானே?”

“நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. இப்பப் போட்டாச்சு, சொல்றேன். அவ முதல்ல வேற பேர்தான் வச்சிருந்தா. நல்ல பேர். பிரசவத்துக்கு முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தது. ரெண்டு நாள் குழந்தையை அதைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா.”

“அப்புறம்?”

“பேரைப் பதிவு பண்றதுக்கு முந்தின நாள் அது வேணாம்னுட்டா. ‘நல்ல பேரா இருந்தா அவங்க அப்படியே வச்சுப்பாங்க ஜோன். யாரும் ஒரு நாள்கூட வச்சுக்க விரும்பாத பேரா ஒண்ணு பாத்துச் சொல்லு’ன்னா. ராத்திரி ஆகிறவரை பக்கம் பக்கமாப் பாத்தா.”

“பேரை நாங்க மாத்தினா அவளுக்கு என்ன லாபம்?”

ஜோன் குழந்தையைப் பார்த்தபடி சொன்னாள்.

“நானும் இதையேதான் கேட்டேன். ‘கடையில, பஸ்ஸுல எங்கயாவது எனக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்லி யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டா நான் திரும்பிப் பாத்துருவேன். பாத்துட்டா விட்டுட்டு வர மாட்டேன். எங்கிட்ட வந்தா அது பட்டினி கிடக்கும். அவ பேரு என்னன்னு எனக்குத் தெரியவே கூடாது’ன்னா.”