உங்க முறை

குழலைக் கடைசி மடக்குவரை உறிஞ்சிவிட்டு, அல்சிதெஸ் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சுரைக்குடுக்கையில் இருந்த மாத்தே என்கிற கசப்புத் தேயிலைமேல் மறுபடி வெந்நீரை ஊற்றி, தண்ணீர் சோதிக்க வந்த அதிகாரியிடம் நீட்டினார்.

ஒரே குடுக்கை. ஒரே குழல். எல்லார் வாயும் அதில்தான்.

அடுப்படியில் நின்றிருந்த மருமகள் ஜுசாராவுக்குக் குமட்டியது.

இந்தப் பன்றிப்பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே அவளுக்குக் குமட்டல்தான். சோளக்களியில் பன்றி நாற்றம். தலையணையில் பன்றி நாற்றம். துவைத்து உலர்த்திய குழந்தைத் துணியை முகத்தில் வைத்தால் அதிலும் அதே நாற்றம்.

மாமனார் அதை உரம் என்பார். அவளுக்கு அது பீதான்.

வீட்டுக்குக் கீழே ஒரு குட்டை நிறைய அது கிடந்தது. அடியில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பு எப்போதோ கிழிந்துவிட்டது. சோளக்காட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் பாய்ச்சச் சொல்லியிருந்தார்கள். அவரோ குட்டை தளும்பினால் மழை மூட்டம் பார்த்து மடையைத் திறந்துவிடுவார். மழை அடித்துக்கொண்டு போகிறது, எவன் கேட்கப் போகிறான் என்பார்.

ஒதிலியா கேட்டாள். பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீரை நம்பிக் கீரை போடுகிற விதவை. தண்ணீர் கெட்டுப்போச்சு என்று புகார் கொடுத்துவிட்டாள்.

நேற்று அதிகாரி வந்து கழிவுக் குட்டையில் பச்சைச் சாயத்தைக் கொட்டிவிட்டுப் போனார். அந்தப் பச்சை ஊற்றில் தலைகாட்டினால் கொட்டகைகளை இழுத்து மூட வேண்டியதுதான். அல்சிதெஸ் ராத்திரி முழுக்கப் படுக்கவே இல்லை. கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார், காறிக் காறித் துப்பிக்கொண்டு.

இன்று அவரும் அதிகாரியும் ஒதிலியாவுமாகப் போய்ப் பார்த்தார்கள். ஊற்று கண்ணாடியாகக் கிடந்தது.

எதற்கும் வீட்டு போர்த் தண்ணீரையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்று அதிகாரி இழுத்திருக்கிறார்.

மேட்டில் இருக்கிற போருக்குப் பள்ளத்துச் சாணி ஏணி வைத்தா ஏறிவரும் என்று இவர் கேட்க, அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். அதை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மறுபடி மறுபடி சொல்லிச் சிரித்தார்கள்.

ஒதிலியா சிரிக்கவில்லை. அவளையும் விடாமல் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார். இந்த மலையில் நீட்டிய குடுக்கையைத் தட்டுவது வீட்டுக்காரர் முகத்தில் அடிக்கிற மாதிரி. கரகரவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சியாக வேண்டும். போதும் என்றால் ‘நன்றி’ சொல்லித் திருப்பித் தரவேண்டும். சும்மா கொடுத்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம்.

"நல்லா குடி தங்கச்சி. இது எங்க வீட்டு போர்த் தண்ணி. உன் ஊத்து மாதிரி இதுல சந்தேகமெல்லாம் கிடையாது."

ஒதிலியா தலையைக் குனிந்துகொண்டு உறிஞ்சினாள். அதிகாரியின் மீசையில் பச்சை நுரை ஒட்டியிருந்தது. தோற்றவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் எச்சில் குழலைக் கொடுத்துக் குடிக்கவைக்கிற இந்த மனுஷனைப் பார்க்க ஜுசாராவுக்கு அருவருப்பாக இருந்தது. கையிலிருந்த கறுப்புக் காப்பியை ஒரே மடக்கில் விழுங்கினாள்.

"எங்க மகாராணி இதாஜாயித் துறைமுகத்துக்காரி, கடல் தண்ணியில வளர்ந்தவ. வந்த அன்னைக்கே குடுக்கையைத் தொடாம ‘நன்றி’ன்னுட்டா. நான் பொறந்ததுலேர்ந்து அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல சார்."

உள்ளே குழந்தை சிணுங்கியது. பத்து நாளாகப் பேதி. பல் முளைக்கிற பேதி, தானாக நிற்கும் என்று மாமனார் சொல்லியிருந்தார். பிள்ளை கொடியாய்த் துவண்டு கிடந்தது.

அவள் புட்டியில் பால்மாவைப் போட்டு, கரி பிடித்த கெண்டியிலிருந்து வெந்நீரை ஊற்றி, மூடியைத் திருகிக் குலுக்கினாள்.

குலுக்கிய கை பாதியில் நின்றது.

ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மாத்தே எப்போதும் பச்சைதான். காப்பி எப்போதும் கறுப்புதான். அந்தச் சமையலறையில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரே பொருள் பால்.

பால் பச்சையாக இருந்தது.

கிழிந்த விரிப்பு வழியே மண்ணுக்குள் இறங்கி, போர் இழுத்த இழுப்பில் சாயம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் நிறமில்லாமல் வந்திருக்கிறது. இத்தனை நாளும் அதைத்தான் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சூடு பதமாக இருக்கிறதா என்று தன் மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்து, பிள்ளை வாயில் வைத்திருக்கிறாள்.

காலிக் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

ஒதிலியா காலிக் குடுக்கையைத் திருப்பித் தந்தாள். அடுத்தது மாமனார். அவர் வெந்நீரை எடுக்கக் கை நீட்டியபோது, அந்தக் கையில் ஜுசாரா பால்புட்டியை வைத்தாள்.

"உங்க முறை மாமா."

அதிகாரி புட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக மீசையைத் தடவி விரலைப் பார்த்தார். ஒதிலியா கையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

உள்ளே பிள்ளை பசியில் வீறிட்டது.

அல்சிதெஸ் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகள் கையை நீட்டாமல் நின்றாள்.

"நன்றி" என்றார்.