கியூபா சுருட்டும் பெண் கேட்ட கதையும்

சுருட்டுக் கடையில் வேலை என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? பெண் கேட்க வந்தவன் அதைச் சொல்லாமல் மறைத்திருந்தான். பெண்ணின் அப்பாவோ ஒரு கியூபா சுருட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“உங்க வேலை என்னன்னு விசாரிச்சிட்டோம் தம்பி. இது அசலா, போலியா?”

தொலைந்தோம் என்று நினைத்தபடி முகர்ந்தான். “அசல்தான் சார்.”

அவர் உள்ளே போய்த் திரும்பி வந்தார். “சுத்தினது எப்படி?”

“அமுக்கினா பஞ்சு மாதிரி எழும்புது சார். கைவேலைன்னா இது!”

மறுபடி உள்ளே போய் வந்தார். “ருசி?”

“முதல்ல கொக்கோ, அப்புறம் காப்பி, கடைசியில மிளகுக் காரம். சாம்பல் ஒரு அங்குலத்துக்கு உதிராம நிக்கும்!” குஷியில் கொட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “சத்தியமா நான் பிடிக்கிறதில்ல சார். வாடிக்கைக்காரங்க சொல்றதுதான்!”

“எனக்கும் அந்த நாத்தமே ஆகாது.”

“அப்ப இது யாருக்கு சார்?”

சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மா தீப்பெட்டியோடு வந்தார். சுருட்டை வாங்கி, கண்ணை மூடி முகர்ந்தார்.

“இந்த வீட்டுல இதைப் பத்திப் பேச இப்பத்தான் ஒரு ஆள் கிடைச்சிருக்கு. மாப்பிள்ள, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்க.”