எவரிஸ்தோ விழுங்கிய பொம்மை

மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டி காலியாகிவிட்டது. வழக்கமாக உள்ளே வைத்துச் சுடும் விரலளவு பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மை மட்டும் யார் துண்டிலும் வரவில்லை. அது யாருக்கு வருகிறதோ அவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி மொத்தக் குடும்பத்துக்கும் சோளமாவுத் தமாலே அவித்துப் போட வேண்டும்.

எல்லோரும் எவரிஸ்தோவையே பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க?"

"மூணு வருஷமா பாதி ரொட்டி உங்க வயித்துக்குத்தான் போகுது, அத்தான். பொம்மையும் மூணு வருஷமாக் காணோம்," என்றாள் ரொட்டியைச் சுட்ட கொழுந்தியாள் ஹசிந்தா. "இப்பக்கூட கடைசி வாயை மெல்லாம தண்ணியக் குடிச்சீங்களே?"

"விக்கிச்சு."

"பிளாஸ்டிக் குடல்ல மாட்டினா வயித்தத்தான் கிழிக்கணும். ஏங்க, வண்டிய எடுங்க. ஒரு ஸ்கேன் எடுத்து, உள்ள எத்தனை கிடக்குதுன்னு பாத்துடலாம்."

எவரிஸ்தோவுக்கு வியர்த்தது.

"ஸ்கேன் எல்லாம் எதுக்கு? ஏதோ கெட்டியாப் பட்டுச்சு, பாதாம்னு நெனச்சு முழுங்கிட்டேன். விருந்து எங்க வீட்டுலதான், போதுமா?"

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனபின், ஹசிந்தாவின் கணவன் ரொஹேலியோ சிரித்தான்.

"ஒருவழியா சகலை மாட்டினாரு."

ஹசிந்தா ஏப்ரன் பையிலிருந்து பொம்மையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மூணு வருஷம் உள்ள வெச்சேன், யாருக்கும் கிடைக்கல. இந்த வருஷம் வைக்கவே இல்ல. உடனே கிடைச்சிருச்சு."