கொம்புகளின் புதுத் தலை

காட்டில் உதிர்ந்து கிடந்த கடமான் கொம்புகளை எடுத்துவந்து, பிளாஸ்டரில் வார்த்த ஒரு மண்டையோட்டில் திருகிச் சுவரில் மாட்டினார்கள்.

"உனக்குக் காடு தெரியுமா?" என்று கொம்புகள் கேட்டன.

"தெரியாதுங்க. போன வாரம்தான் அச்சிலிருந்து வந்தேன். எங்கள் வம்சத்தில் நான்தான் முதல் தலை. எனக்கு முன்னால் எல்லாம் வெறும் மாவு."

"எங்களைச் சுமந்தவன் நடந்தால் காடே வழிவிடும். உன்மேல் உட்காரவே கூச்சமாக இருக்கிறது."

இந்தக் கனத்தைத் தாங்க முடியுமா என்ற பயமே மண்டையோட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

சுவரில் இருந்த பல்லி கேட்டது: "அந்த மகாராஜா உங்களை எப்படி விட்டார்?"

"கடமானுக்குக் கொம்பு விழுந்து முளைப்பது வழக்கம்தான்."

"விழுந்தபோது திரும்பியாவது பார்த்தாரா?"



அன்று மாலை காற்றில் கதவு படாரென்று அறைந்தது. சுவர் அதிர்ந்தது. பல்லி ஓடி ஒளிந்தது. கொம்புகள் ஒருபக்கம் சாய்ந்தன.

"விழுந்துவிடுவோமா?"

"சொல்லத் தெரியலைங்க. நெற்றியில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் திருகாணியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

அதிர்வு அடங்கியது. கொம்புகள் சுவரிலேயே இருந்தன.

பல்லி மெல்ல எட்டிப் பார்த்தது. "என்ன, அந்த மாவுத் தலை உடைந்துவிட்டதா?"

கொம்புகள் நிமிர்ந்து நின்றன.

"மரியாதையாகப் பேசு. அது எங்கள் தலை."