குறைச்சுச் சொல்லும்

காலமான ஞானமுத்துவின் சொத்துகளை மதிப்பிட வந்த தியாகராசன் ஒவ்வொரு சாமானுக்கும் விலை சொல்லி முடிப்பதற்குள், கூண்டுக்கிளி ஞானமுத்துவின் குரலிலேயே, “ஜாஸ்திய்யா, குறைச்சுச் சொல்லும்!” என்றது. ஆயுசு முழுக்கக் கடைக்காரர்களிடம் அவர் சொன்ன வார்த்தை அது. தியாகராசன் பதறிப்போய்க் குறைத்துக்கொண்டே வந்ததில், தேக்குப் பீரோ விறகு விலைக்கு இறங்கிவிட்டது.

“உங்க கூலி எவ்வளவு அண்ணாச்சி?” என்றாள் ஞானமுத்துவின் மனைவி ரோசம்மாள். அவர் சொன்னார். கிளி கத்தியது. அதுவும் பாதியாயிற்று. புருஷன் போனதிலிருந்து சிரிக்காதவள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டைக் காட்டினாள்.

“இதுக்கு என்ன போடுவீக?”

தியாகராசன் கிளியை ஓரக்கண்ணால் பார்த்தபடி, அந்த வீட்டின் விலையைவிடப் பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்.

இருவரும் காத்திருந்தார்கள். கிளி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சும்மா இருந்தது.