துணி விழுந்த இடம்

ஒரு வைக்கோல் போரைக் கொளுத்தினால் எவ்வளவு தூரம் போகலாம், சொல்லுங்கள்?

அவள் அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை வந்துவிட்டாள்.

பெண் கைதிகளின் சிறை முற்றம். வரிசையில் நிற்கிறாள். கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கட்டைவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கிறது.

“காலுக்கடியில எறும்பா? ஒழுங்கா நில்லுடி,” என்று காவல்காரி அதட்டினாள்.

சனிக்கிழமை. பெண் பார்க்கும் நாள்.

நன்னடத்தைக்காக வெளியே விட்ட ஆண் கைதிகள் வருவார்கள். வரிசை நெடுகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பிடித்தவள் காலடியில் கைக்குட்டையைப் போடுவார்கள். அவள் குனிந்து எடுத்தால் சம்மதம்.

கல்யாணம் ஆனால் சிறை இல்லை.

“பல்லையும் புடிச்சுப் பாருங்கய்யா! மாட்டுச் சந்தைதானே இது!”

பின்வரிசையில் யாரோ கத்த, பெண்கள் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆடு திருடியதற்காக அவள் புருஷன் டோனலை இந்த நாட்டுக்குக் கைதியாகக் கப்பலேற்றினார்கள். பின்னாலேயே போக வழி கேட்டாள். யாரும் சொல்லவில்லை. பண்ணையாரின் வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்தாள். பிடிக்க வரும்வரை ஓடாமல் நின்றாள்.

கப்பல் போய்ச் சேரும் ஊர் ஒரு கோயில் வாசல் அளவுதான் இருக்கும், இறங்கியதும் ஆள் கண்ணில் பட்டுவிடுவான் என்று நினைத்திருந்தாள்.

பட்டதெல்லாம் காடு.

ஒரு முறை சுவரேறிக் குதித்துத் தேடப் போனாள். பிடித்து வந்து தலையை மழித்தார்கள்.

புருஷன் இருப்பவளை இந்த வரிசையில் நிற்க விடமாட்டார்கள். இல்லை என்று சொல்லிவைத்தாள். வெளியே இருக்கும் ஆண்களின் முகம் பார்க்க வேறு வழி கிடையாது.

முதலில் தெரிந்தது நடை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து.

டோனல்.

வந்தான். அவள் முன்னால் நின்றான். மொட்டைத் தலையைப் பார்த்தான். ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தான்.

நகர்ந்தான்.

கைக்குட்டை, பக்கத்தில் நின்ற பிரிஜித்தின் காலடியில் விழுந்தது.

அவன் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போதும்.

பெண்டாட்டி இல்லை என்று சத்தியம் செய்தவனைத்தான் உள்ளே விடுவார்கள். பொய்யென்றால் மறுபடியும் அவன் காலில் விலங்கு.

பிரிஜித்துக்குக் கைப்பிள்ளை. உள்ளே தொட்டிலில் கிடக்கிறது. பால் மறந்ததும் அநாதை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கல்யாணம் ஆனால் பிள்ளை அவளோடு.

பிரிஜித் இன்னும் குனியவில்லை. உதடு அசையாமல் கேட்டாள்.

“அக்கா, ஆளப் பாத்தா எப்படித் தெரியுது? அடிப்பானோ?”

அவளுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அடிக்க மாட்டான்டி.”

குரல் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

“பனி விழுந்தா இருமுவான். வாத்துக் கொழுப்பச் சூடு பண்ணி நெஞ்சுல தேச்சு விடு.”

டோனலின் கை நெஞ்சுக்குப் போனது. அங்கேயே நின்றது.

அவன் திரும்பவில்லை.

பிரிஜித் அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

உள்ளே பிள்ளை அழுதது.

பிரிஜித் குனிந்து துணியை எடுத்தாள்.

மறுநாள் சிறைப் பெண்களெல்லாம் கூடிய காலைப் பூசையில் பாதிரியார் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார். யாரும் எழவில்லை.