அலமாரிக்குள் இன்னொரு அம்மா

"எங்க வீட்ல ரெண்டு அம்மா இருக்காங்க" என்றாள் அந்த ஏழு வயதுச் சிறுமி, பென்சிலைக் கடித்தபடி.

கவுன்சலர் அசரவில்லை. இருபது வருட அனுபவம். கட்டிலுக்கடியில் பூதம், காதுக்குள் ரயில் என்று எத்தனையோ குழந்தைகளிடம் எத்தனையோ கேட்டாயிற்று.

"அப்படியா? ரெண்டு பேரும் எப்படி இருப்பாங்க?"

"ஒரே மாதிரி. அதே முகம், அதே டிரெஸ். ரெண்டாவது அம்மா அலமாரிக்குள்ள இருந்து வருவாங்க. அப்பா ஆபீஸ்ல இருந்து வர்றதுக்கு முன்னாடி."

"வந்து?"

"முதல்ல வீடே கப்சிப்னு ஆயிடும். 'அம்மா'ன்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டாங்க. அப்புறம் மெதுவாத் திரும்புவாங்க. ஆனா அது அம்மாவா இருக்காது."

கவுன்சலருக்குக் கை ரோமம் சிலிர்த்தது. பழியை ஏ.சி.யின் மேல் போட்டு, அதை அணைத்தார்.

காலையில் சிறுமியின் அப்பா போனில் படபடத்தது நினைவுக்கு வந்தது.

"எனக்கே பயமா இருக்கு மேடம். நேத்து வீட்டுக்கு வந்தா பூச்சாடி சுக்குநூறாக் கிடக்குது. யார் உடைச்சதுன்னு கேட்டா, 'அந்த இன்னொரு அம்மா'ங்கிறா பாப்பா. என் வொய்ஃப் வாயே திறக்க மாட்டேங்கிறா. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். இவ மறுபடியும் கத்த ஆரம்பிச்சிருக்கான்னு மட்டும் தெரியட்டும், அன்னிக்கே பாப்பாவைத் தூக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ரெண்டு பேரையும் நிக்க வச்சே சொல்லிட்டேன்."

அந்த அம்மாவைக் கவுன்சலருக்கு நன்றாகவே தெரியும். போன வருடம் வியாழக்கிழமை தவறாமல் இதே அறைக்கு வந்து, "என் கோபத்தை எப்படியாவது எடுத்துடுங்க மேடம்" என்று அழுதவள். பன்னிரண்டே வாரத்தில் ஆளே மாறிப்போனாள். பயிற்சிக்கு வரும் ஜூனியர்களிடம் கவுன்சலர் பெருமையடித்துக்கொள்ளும் கேஸ் அது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெற்றோர் காத்திருந்தார்கள். அப்பா போனும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா அசையவில்லை. முதுகை நிமிர்த்தி, மடியில் கைகளைக் கோர்த்து, கண் கொட்டாமல் இந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒட்டவைத்ததுபோல ஒரு சிரிப்பு.

"பாப்பா, இப்ப வெளியில உட்கார்ந்திருக்கிறது எந்த அம்மா?"

சிறுமி திரும்பி, நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னும் தெரியல" என்றாள்.

கவுன்சலர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, படம் வரையச் சொல்லித் தாளை நீட்டினார்.

சிறுமி இரண்டு அம்மாக்களை வரைந்தாள். அதே பின்னல், அதே உடை. ஆனால் இரண்டாவது அம்மாவுக்குக் கண்ணில்லை, மூக்கில்லை. முகம் முழுக்க வாய்தான் இருந்தது.

"இது வேற ஒரு அம்மான்னு உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான். 'நேத்துக் கத்தினது நான் இல்ல செல்லம், அது வேற ஒருத்தி. அவளை அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்'னு சொன்னாங்க."

கவுன்சலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலமாரி இவருடையது!

'உங்க கோபம் நீங்க இல்லம்மா, அவ வேற ஒருத்தி. அவளை ஒரு அலமாரியில வச்சுப் பூட்டுற மாதிரி கண்ணை மூடி நினைச்சுக்குங்க.' நாலாவது வாரம் இவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. தனக்குள்ளேயே செய்து பார்க்க வேண்டியதை அந்த அம்மா மகளிடமே ஒப்பித்துவிட்டாள். ஒருத்தியை மாற்றிவிட்டோம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, பாவம், ஒரு பச்சைக் குழந்தையின் வீட்டுக்குள் பேயை அல்லவா ஏவிவிட்டிருக்கிறோம்!

நாற்காலியை விட்டு இறங்கி, சிறுமியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, தப்புப் பண்ணது நான்தான். அலமாரிக்குள்ள யாரும் கிடையாது. உனக்கு இருக்கிறது ஒரே அம்மாதான். கோபம் வந்தா அவங்க முகம் அப்படி மாறிடுது, அவ்வளவுதான். நீ பயப்பட வேண்டாம். இரு, அப்பாவைக் கூப்பிட்டு விவரமாச் சொல்லிடறேன்."

எழுந்து கதவருகே போனார். கைப்பிடியைத் தொட்டவரின் மணிக்கட்டைச் சில்லென்று ஒரு கை பிடித்தது. சிறுமி எப்போது எழுந்து வந்தாளோ, சத்தமே கேட்கவில்லை.

"வேண்டாம் ஆன்ட்டி."

குரலில் விளையாட்டுத்தனம் துளிகூட இல்லை.

"பயப்படாதேடா கண்ணா. பேயெல்லாம் ஒண்ணும்..."

"பேய் இல்லேன்னு எனக்குத் தெரியும். அலமாரியை அன்னிக்கே திறந்து பார்த்துட்டேன். துணிதான் இருக்கு."

கவுன்சலர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் ரெண்டு அம்மான்னு சொல்றே?"

சிறுமி கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டு, அவர் காதருகே எட்டி ரகசியமாகச் சொன்னாள்:

"கத்தினது எங்க அம்மாதான்னு தெரிஞ்சா, அப்பா என்னை அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. கத்தி முடிச்சதும் அம்மா ரொம்ப அழுவாங்க ஆன்ட்டி. நானும் இல்லேன்னா அவங்களை யாரு சமாதானப்படுத்துவாங்க?"